வீட்டு கார் ஷெட்டில் முதல் கத்தி: பட்டை வாங்குவதிலிருந்து கூர் ஏற்றுவது வரை

கத்தி செய்யப் பழக உலைக்களமும் பட்டறைக்கல்லும் சம்மட்டியும் வேண்டும் என்று எண்ணியே பலர் தொடங்காமல் இருந்துவிடுகிறார்கள். முதல் கத்திக்கு இவை எதுவும் வேண்டாம். இரும்பைக் காய்ச்சி அடித்து வடிப்பது ஒரு முறை. தட்டையான எஃகுப் பட்டையை வாங்கி, கத்தியின் உருவத்துக்கு வெளியே இருப்பதை அறுத்தும் அராவியும் எடுத்துவிடுவது இன்னொரு முறை. இந்த இரண்டாவது முறைக்கு ஒரு மேசை, ஒரு பென்ச் வைஸ், நல்ல அரங்கள் மூன்று, ஒரு டிரில், ஒரு நாள் மாலை மட்டும் சிறு கரி அடுப்பு ஆகியவை போதும். வார இறுதிகளில் மட்டும் வேலை செய்தால் நான்கைந்து வாரத்தில் ஒரு கத்தி முடியும்.

எதைச் செய்வது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வாள், மடக்குக் கத்தி, பெரிய அரிவாள் எல்லாம் இப்போது வேண்டாம். காய்கறி நறுக்கும் சிறு கத்தியே சரியான பாடம். அலகு 110 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனம்; பிடி 110 மி.மீ. இதைவிட நீளமான அலகு தோய்ச்சலில் (காய்ச்சிய அலகை எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்துவதில்) கோணுவதற்கு வாய்ப்பு அதிகம், அராவும் நேரமும் கூடும். சட்டக் காரணமும் உண்டு. இந்திய ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூரிய ஆயுதங்களைக் கட்டுப்பாட்டு வகைக்குள் வைக்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் உரிய கருவிகளுக்கு அதில் விலக்கு இருக்கிறது. சமையலறைக் கத்தி செய்தால் இந்தக் குழப்பமே வராது. செய்த கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போகாதீர்கள்.

எஃகு: தெரிந்ததை மட்டும் வாங்குங்கள்

தொடக்கக்காரர்கள் செய்யும் பெரிய தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. பழைய இரும்புக் கடையில் ஒரு துண்டைப் பொறுக்கி வந்து, இருபது மணி நேரம் அராவி, நெருப்பில் காய்ச்சித் தோய்த்த பிறகுதான் அது கெட்டிப்படாத இரும்பு என்று தெரியவரும். கேட், கிரில் செய்யப் பயன்படும் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பட்டையில் கரியின், அதாவது கார்பனின், அளவு 0.2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அதை எப்படித் தோய்த்தாலும் கூர் நிற்காது. நமக்கு வேண்டியது 0.75 முதல் 0.95 சதவீதம் வரை கரி உள்ள எஃகு. 1084, 1080, சி80, 80சிஆர்வி2 என்ற பெயர்களில் கிடைக்கும். கத்தி செய்வோருக்கென்றே பொருள் விற்கும் கடைகள் இணையத்தில் இருக்கின்றன. அங்கே இளக்கிய நிலையில் (அரம் பற்றும்படி மென்மையாக்கியது) உள்ள பட்டை என்று கேட்டு வாங்குங்கள். 3 மி.மீ. கனம், 40 மி.மீ. அகலம், 250 மி.மீ. நீளம் ஒரு கத்திக்குச் சரி. பாதி நீளம் சேர்த்து வாங்குங்கள். அந்தத் துண்டு எதற்கு என்பது பின்னால் வரும்.

முதல் தேர்வு 1084தான். அதில் வேறு உலோகக் கலப்பு அதிகம் இல்லை. சரியான சூட்டைத் தொட்டதும் ஓரிரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பேரிங் செய்யும் ஈஎன்31 நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிறது, நல்ல கத்தியும் ஆகும். ஆனால் அதில் குரோமியம் சேர்ந்திருப்பதால் சுமார் 845° செல்சியஸில் பத்து நிமிடம் போல ஆடாமல் அசையாமல் பிடித்து வைக்க வேண்டும். கரி அடுப்பில் அது கைகூடாது. டி2, 440சி போன்றவற்றுக்கு 1000°க்கு மேல் சூடு தேவை. அவற்றைத்தான் செய்வேன் என்றால், வடிவம் எடுத்து முடித்துவிட்டு கோவை, அம்பத்தூர், ஓசூர் போன்ற தொழிற்பகுதிகளில் உள்ள ஹீட் ட்ரீட்மென்ட் கூடத்தில் கொடுத்து, கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 60 வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

லாரி ஸ்பிரிங் பட்டையில்தானே ஊர்க் கொல்லர் அரிவாள் அடிக்கிறார் என்று கேட்கலாம். உண்மைதான், அரிவாளுக்கு அது அருமையான இரும்பு, அடி தாங்கும். ஆனால் அது கெட்டிப்படுத்தப்பட்ட நிலையில், 6 மி.மீ.க்கும் மேலான கனத்தில் வரும். அடித்து மெலிய வைக்கத் தெரிந்தவருக்குத்தான் அது தோது. ஆண்டுக்கணக்கில் வளைந்து நிமிர்ந்ததால் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்புகளும் உள்ளே இருக்கலாம். வேறு எதுவும் கிடைக்காமல் அதைத்தான் எடுக்கிறீர்கள் என்றால், செவக்கக் காய்ச்சி, உலர்ந்த உமிச் சாம்பலுக்குள் முழுக்கப் புதைத்து இரவு முழுதும் விட்டுவிடுங்கள். காலையில் அரம் வழுக்காமல் பற்றினால் இளகிவிட்டது என்று பொருள்.

இடமும் கருவிகளும்

வைஸ் 4 அல்லது 5 அங்குலம் இருக்கட்டும். அதைத் தாங்கும் மேசை அசையவே கூடாது. மேசை ஆடினால் உங்கள் உழைப்பில் பாதி ஆட்டத்துக்கே போய்விடும். சுவரோடு சேர்த்துப் போல்ட் போடுவது நல்லது. வைஸின் மேல்வாய் நின்ற நிலையில் உங்கள் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். தாழ்வாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். 12 அங்குலப் பெருவெட்டுத் தட்டை அரம், 8 அங்குல நடுவெட்டு, 8 அங்குல அரைவட்டம் ஆகிய மூன்றும் புதிதாக இருக்கட்டும். அரம் முன்னோக்கித் தள்ளும்போது மட்டும்தான் வெட்டும்; பின்னுக்கு இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பல் மழுங்கும். வேலைக்கு முன் அரத்தின் மேல் சாக்பீஸை நன்றாகத் தேய்த்துவிட்டால் இரும்புத்தூள் பல்லிடுக்கில் அடையாது. அடைந்த தூள் கத்தியின் மேல் ஆழமான கோடு போடும். அந்த ஒரு கோட்டை எடுக்கப் பிறகு ஒரு மணி நேரம் தேய்க்க வேண்டி வரும்.

ஆக்ஸா பிளேடில் அங்குலத்துக்கு 24 பல் உள்ளதைக் கேளுங்கள். ஆங்கிள் கிரைண்டர் இருந்தால் உருவம் வெட்டுவது விரைவாக முடியும். ஆனால் நிமிடத்துக்கு 11,000 சுற்றை ஒட்டிச் சுழலும் கருவி அது. சக்கரத்தை மூடும் கார்டைக் கழற்றிவிட்டு ஒருநாளும் ஓட்டாதீர்கள். முதல் கத்தியை முழுக்கக் கையால் அராவுவதையே பரிந்துரைக்கிறோம். அரத்தில் தவறு மெல்ல நடக்கும், நடக்கும்போதே கண்ணில் படும். கிரைண்டர் ஒரு நொடியில் செய்யும் பள்ளத்தை நிரவ முடியாது.

உடையும் கவனிக்க வேண்டியது. நைலான், பாலியஸ்டர் துணி நெருப்பில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி பேன்ட், பருத்திச் சட்டை, மூடிய செருப்பு அல்லது ஷூ போதும். லுங்கி, துப்பட்டா, சேலைத் தலைப்பு எதுவும் சுழலும் கருவியின் பக்கம் வரக் கூடாது. டிரில் ஓட்டும்போது கையுறையும் கூடாது, பிட் அதைப் பற்றி இழுத்துவிடும். கண்ணாடி எப்போதும். அராவும்போதும் தேய்க்கும்போதும் என்95 முகக்கவசம். கிரைண்டர் ஓட்டினால் காதுக்கும் மூடி.

உருவம் எடுத்தல்

அட்டையில் கத்தியை வரைந்து வெட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். வெங்காயம் நறுக்குவதுபோல் பலகை மேல் ஆட்டிப் பாருங்கள். விரல் முட்டி பலகையில் இடித்தால் அலகின் வாய் பிடியைவிடக் கீழே இன்னும் இறங்க வேண்டும். சரியென்று பட்டதும் பட்டையின் மேல் வைத்துக் கூரான ஆணியால் கீறி, கீறலுக்கு ஒரு மி.மீ. வெளியே ஆக்ஸாவால் அறுத்து, மீதியை அராவிக் கோட்டுக்கு வாருங்கள். வளைவான இடத்தில் அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டாகக் கோடு வரை நேராக அறுத்துக்கொண்டால் துண்டுகளை ஒவ்வொன்றாக எளிதில் எடுத்துவிடலாம்.

அலகும் பிடிக்குள் போகும் வாலும் சேரும் மூலையைக் கூர்மையான மூலையாக விடாதீர்கள். அரைவட்ட அரத்தால் சிறு வளைவாக்குங்கள். தோய்க்கும்போது வெடிப்பு பெரும்பாலும் இப்படிப்பட்ட உள்மூலையிலிருந்துதான் கிளம்பும்.

வாலில் ஆணித் துளைகளைத் தோய்ச்சலுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். பிறகு டிரில் பிட் ஏறாது. 5 மி.மீ. பித்தளைக் கம்பிக்கு இரண்டு துளை, ஒவ்வொன்றும் பிடியின் இரு முனைகளிலிருந்து 20 மி.மீ. உள்ளே. பஞ்ச் வைத்து ஒரு குழி தட்டி, முதலில் 3 மி.மீ. பிட், பிறகு 5 மி.மீ. வேகம் குறைவாக, அழுத்தம் கூடுதலாக, நடுநடுவே ஒரு சொட்டு எண்ணெய். பட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு துளை போடாதீர்கள். பிட் மறுபுறம் வெளியேறும் நொடியில் இரும்பைப் பற்றிக்கொண்டு மின்விசிறி இறக்கைபோல் சுழற்றும். கிளாம்ப் போட்டே ஆக வேண்டும்.

சரிவு: அரத்துக்கு ஒரு வழிகாட்டி

கத்தியின் வாய் நடுவில் வர வேண்டுமானால் நடுக்கோடு தெரிய வேண்டும். விளிம்பு முழுவதும் மார்க்கரால் கறுப்பாக்குங்கள். பட்டையின் கனமும் 3 மி.மீ. என்பதால் 3 மி.மீ. டிரில் பிட்டைக் கண்ணாடித் துண்டின் மேல் படுக்க வைத்து, அதன் கூர்முனையால் விளிம்பில் இழுத்தால் நடுவில் கோடு விழும். திருப்பி வைத்து மறுபக்கமும் இழுங்கள். இரண்டு கோடுகள் மயிரளவு இடைவெளியில் விழும். அந்த இடைவெளிதான் நடு.

கையை மட்டும் நம்பி அராவினால், வாயை நோக்கி மெலிந்து இறங்கும் சரிவு முதுகு வளைந்ததுபோல் உருண்டுவிடும். அதனால் ஒரு எளிய அமைப்பு செய்துகொள்ளுங்கள். கத்தியைப் பலகை மேல் படுக்க வைத்து, வாய் உங்களைப் பார்த்திருக்கும்படி கிளாம்ப் போடுங்கள். முதுகுக்குப் பின்னால் 400 மி.மீ. தொலைவில் ஒரு கண்ணி போல்ட்டை (தலையில் வளையம் உள்ள போல்ட்) நிறுத்துங்கள். அரத்தின் மேல் ஒரு நேரான இரும்புக் கம்பியைக் கட்டி, அதன் மறுமுனையைக் கண்ணிக்குள் நுழையுங்கள். அரம் கத்தியின் மேல் சமமாகப் படியும் உயரத்துக்குக் கண்ணியை முதலில் வையுங்கள். அங்கிருந்து நட்டைத் திருகி 22 மி.மீ. உயர்த்துங்கள். 3 மி.மீ. பட்டையில் 20 மி.மீ. அகலச் சரிவு இறங்கி, வாயில் முக்கால் மி.மீ. கனம் மிச்சம் நிற்பதற்கான சாய்வு அதுதான்.

ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். பாதி எடுத்ததும் திருப்பிப் போட்டு மறுபக்கம் பாதி எடுங்கள். திருப்பியபின் வாய்ப்பக்கம் அடியில் தாங்கல் இல்லாமல் அதிரும். அட்டைத் துண்டு ஒன்றைச் செருகினால் சத்தம் அடங்கும். வாயின் கனம் ஏ.டி.எம். அட்டையின் கனத்துக்கு, அதாவது 0.76 மி.மீ. அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் அளவுகருவியே தேவையில்லை. இப்போதே மெல்லியதாக்கினால் நெருப்பில் வாய் முதலில் வெந்து, எண்ணெயில் அலை அலையாக நெளியும். பிறகு 120, 220 எமரித் தாளால் அரத்தின் கோடுகள் போகும்வரை தேயுங்கள். குறிப்பாக வாய்க்குக் குறுக்கே ஓடும் ஆழமான கோடு ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதுவும் வெடிப்புக்கு வழி.

நெருப்பு

இதுவரை கையில் இருப்பது கத்தி வடிவில் உள்ள ஒரு இளகிய பட்டை மட்டுமே. கத்தியாவது அடுத்த ஒரு மணி நேரத்தில். இதை ஷெட்டுக்குள் செய்யாமல் வாசலில், திறந்த வெளியில், அந்தி மங்கும் நேரத்தில் செய்யுங்கள். கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை. மூடிய ஷெட்டில் ஆளைக் கொன்றுவிடும். அந்தி நேரம் எதற்கென்றால், வெயிலில் இரும்பின் நிறம் தெரியாது. நிழலில் செக்கச்செவேல் என்று இருப்பது உச்சி வெயிலில் கறுப்பாகத் தெரியும், நீங்கள் மேலும் மேலும் காய்ச்சிக் கெடுத்துவிடுவீர்கள்.

தரையில் ஆற்று மணலைக் காயவைத்துப் பரப்பி, அதன் மேல் நெருப்புச் செங்கற்களை ப வடிவில் அடுக்குங்கள். வெறும் சிமெண்ட் தரையிலோ ஆற்றுக் கற்களிலோ அடுப்பு வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். சீமைக் கருவேலங்கரி தாராளமாகக் கிடைக்கிறது, சூடும் நன்றாகத் தரும். காற்றுக்குப் பழைய ஹேர் டிரையரை ஓர் இரும்புக் குழாயோடு பொருத்தினால் போதும். அந்தக் குழாய் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயாக இருக்கவே கூடாது. சூடேறினால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும். கரிக்கு நடுவே 50 மி.மீ. சதுர எம்.எஸ். குழாய் ஒன்றைப் புதைத்து, அதற்குள் கத்தியை நுழைத்துக் காய்ச்சுவது நல்ல உத்தி. காற்று நேரடியாக அலகில் படாது, சூடும் சீராகப் பரவும்.

எண்ணெய்க்குக் கடலை எண்ணெய் போதும். குறைந்தது 4 லிட்டர். கத்தி முழுதும் நின்ற நிலையில் மூழ்கும் ஆழமான இரும்புப் பாத்திரம். பொருந்தும் மூடி ஒன்று அருகிலேயே. பழைய என்ஜின் ஆயிலை எடுக்காதீர்கள். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. நச்சுப் புகையும் வரும். எண்ணெயை 50 முதல் 55° வரை சூடாக்கிக்கொள்ளுங்கள். சூடான எண்ணெய் மெலிந்து ஓடுவதால் அலகை விரைவாகத் தழுவிச் சூட்டை வாங்கும். தண்ணீரில் தோய்த்தால் இன்னும் கெட்டிப்படுமே என்று ஆசைப்படாதீர்கள். டிங் என்ற சன்னமான ஒலி ஒன்று கேட்கும், அதோடு அலகில் ஒரு வெடிப்பு. எண்ணெய் தீப்பிடித்தால் மூடியைப் போட்டு மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் தீ ஆள் உயரத்துக்கு எழும். ஒரு வாளி மணலும் பொடி வகைத் தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கூடுதலாக வாங்கச் சொன்ன பட்டையை இப்போது எடுங்கள். அதிலிருந்து விரல் நீளத் துண்டுகள் மூன்றை வெட்டுங்கள். கத்தியைத் தொடுவதற்கு முன் இவற்றைக் காய்ச்சித் தோயுங்கள். ஒன்றைக் காந்தம் ஒட்டாமல் போனதும் உடனே. இரண்டாவதை அதற்குச் சற்று மேலே. மூன்றாவதை வேண்டுமென்றே ஆரஞ்சு மஞ்சள் நிறம் வரை. பிறகு வைஸில் பாதி வைத்து, துணியால் மூடி, கண்ணாடி அணிந்துகொண்டு சுத்தியலால் தட்டி உடையுங்கள். உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சரியான சூட்டில் தோய்ந்த துண்டு சாம்பல் நிறத்தில், வெல்வெட் துணிபோல், மணியே தெரியாமல் இருக்கும். அதிகம் காய்ந்த துண்டு சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல் மினுமினுக்கும். அப்படிப்பட்ட கத்தி கீழே விழுந்தால் கண்ணாடிபோல் ஒடியும். சூடு போதாத துண்டு உடையாமல் வளையும். இந்த மூன்று முகங்களையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால், உங்கள் அடுப்பில் எந்தச் சிவப்பு சரியான சிவப்பு என்பது கண்ணில் பதிந்துவிடும்.

இரும்பு காந்தத்தை விடுவது சுமார் 770°யில். நமக்கு 1084க்கு வேண்டியது 815°. இடையில் உள்ள இடைவெளியை அளக்க அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு கருவி இருக்கிறது: சமையல் உப்பு சரியாக 801°யில் உருகும். உப்பைச் சொட்டு நீரில் குழைத்து அலகில் ஓரிடத்தில் தடவி உலரவிடுங்கள். காய்ச்சும்போது வெள்ளையாக ஒட்டியிருக்கும் உப்பு பளபளவென்று நீர்போல் உருகிய நொடியில் 801° தாண்டிவிட்டது. அங்கிருந்து சற்றே கூடுதல் சிவப்பு, அவ்வளவுதான்.

முதுகைக் கரிப்பக்கம் வைத்து, குழாய்க்குள் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருங்கள். நுனியும் வாயும் மெல்லியவை, அவைதான் முதலில் வெளுக்கும். நுனி மட்டும் பிரகாசமானால் வெளியே இழுத்து இறங்கவிட்டு மீண்டும் நுழையுங்கள். அலகு முழுதும் ஒரே நிறமானதும் ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருந்து எண்ணெய்க்குக் கொண்டு போங்கள். அடுப்புக்கும் எண்ணெய்க்கும் ஒரு கை நீட்டும் தூரம்தான் இருக்க வேண்டும். வெளியே எடுத்த ஒரு நொடி, இரண்டு நொடிக்குள் மூழ்கியாக வேண்டும். நுனி கீழே, செங்குத்தாக, தயங்காமல் முழுதும் இறக்குங்கள். பாதியில் நின்றால் எண்ணெய்ப் பரப்பில் தீ எழும். உள்ளே மேலும் கீழும் அசைக்கலாம். பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து கத்தி கோணும். பத்து எண்ணி வெளியே எடுத்து முதுகுவழியாகக் கண்ணால் நோட்டம் பாருங்கள். கோணல் இருந்தால் கையுறையோடு இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து நிமிர்த்த அந்தச் சில நொடிகள்தான் இருக்கின்றன. குளிர்ந்த பிறகு நிமிர்த்தப் போனால் ஒடிந்துவிடும்.

கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பழைய அரத்தை வாயில் உரசுங்கள். கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கினால் தோய்ச்சல் பிடித்துவிட்டது. முதல் உரசலில் சற்றே பற்றினால் கவலை வேண்டாம். நெருப்பில் மேல்தோலில் கரி எரிந்துபோய் மெல்லிய இளகிய படலம் இருக்கும். அதைத் தாண்டியும் பற்றினால் சூடு போதவில்லை, அல்லது எண்ணெய்க்குப் போகத் தாமதமாகிவிட்டது. மீண்டும் காய்ச்சித் தோய்க்கலாம்.

பதம் இளக்குதல்

இந்த நிலையில் கத்தி கண்ணாடிக்குச் சமம். அன்று இரவே, ஒரு மணி நேரத்துக்குள், ஓடிஜி அடுப்பில் வைத்தாக வேண்டும்; காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தானாக வெடிப்பதும் உண்டு. எண்ணெயையும் உப்பையும் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பக்கத்தை எமரியால் பளபளப்பாக்குங்கள். தட்டில் காய்ந்த மணலை நிரப்பி அதன் நடுவில் கத்தியைப் புதைத்து, 205°யில் இரண்டு மணி நேரம். முழுதாக ஆறவிட்டு மீண்டும் இரண்டு மணி நேரம். மணல் எதற்கென்றால், ஓடிஜியின் தெர்மோஸ்டாட் 20, 30 டிகிரி ஏறி இறங்கும். மணல் அந்த ஆட்டத்தை உள்வாங்கிக்கொள்ளும். குமிழில் எழுதியிருக்கும் எண்ணையும் நம்பாதீர்கள். தனி அடுப்பு வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். பளபளப்பாக்கிய இடம் வெளிறிய வைக்கோல் நிறத்துக்கு வந்தால் சரி. ஊதா, நீலம் என்று போனால் 280°யைத் தாண்டிவிட்டது. கூர் நிற்காது, தோய்ச்சலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

இதற்குப் பிறகு கத்தியை ஒருபோதும் கைபொறுக்காத சூட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். கிரைண்டரில் ஒரு நொடி நீலம் தட்டினாலும் அந்த இடத்தின் பதம் போயிற்று. கையால், தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பரை ஒரு நேரான மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள்: 120, 220, 400, 600. ஒரு தாளில் நீளவாக்கில் தேய்த்தால் அடுத்த தாளில் சாய்வாகத் தேயுங்கள். முந்தைய கோடு மிச்சம் இருக்கிறதா என்பது உடனே தெரியும். பொறுமை வேண்டிய வேலை, வேறு சூட்சுமம் இல்லை. வாய் 0.3 மி.மீ. கனத்துக்கு வரும்போது நிறுத்துங்கள்.

பிடி போடுவதற்கு முன் ஒரு சோதனை

பலரும் பிடி போட்டு முடித்த பிறகே கூர் பார்க்கிறார்கள். அப்போது பதம் தவறியது தெரிந்தால் பிடியை உடைப்பதைத் தவிர வழியில்லை. 200° சூட்டில் மரமும் பசையும் நிற்காது. எனவே இப்போதே கூர் ஏற்றுங்கள். 400 கல், பிறகு 1000 கல். அலகின் அகலம் 30 மி.மீ. என்பதால் முதுகைக் கல்லிலிருந்து 8 மி.மீ. தூக்கிப் பிடித்தால் சாய்வு 15°, 10 மி.மீ. தூக்கினால் 20°. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்க வாயில் நகத்தில் தட்டுப்படும் பிசிறு ஒன்று எழும். வாய் முழுநீளத்துக்கும் அது எழுந்த பிறகே பக்கம் மாற்றுங்கள். பிசிறு எழாத இடம் கூராகாத இடம்.

5 மி.மீ. பித்தளைக் கம்பியை வைஸில் பிடித்து, வாயை அதன் மேல் 15° சாய்வில் வைத்து மெல்ல அழுத்தி இழுங்கள். வெளிச்சத்தில் பார்த்தால் மெல்லிய வாய் கம்பியின் மேல் சற்று வளைந்து, கடந்ததும் நேராவது தெரியும். வளைந்தது வளைந்தபடி நின்றால் மென்மை அதிகம். மீண்டும் தோய்க்க வேண்டும். வாயில் சிறு சிறு பிறைபோல் உதிர்ந்தால் கடினம் அதிகம். ஓடிஜியின் சூட்டை 15° கூட்டி, 220°யில் இன்னொரு முறை இரண்டு மணி நேரம் வைத்தால் போதும்.

பிடி

நாட்டுக் கருவேலம், பூவரசு, புளியின் வைரம், தேக்கு எல்லாமே நல்லவை. நன்கு காய்ந்திருக்க வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. பச்சை மரம் மூன்று மாதத்தில் சுருங்கி, வாலின் விளிம்பு கையில் உறுத்தும். தச்சுப்பட்டறையில் கழிவாகக் கிடக்கும் பழைய நிலைக்கதவுத் துண்டுகள் பல ஆண்டு காய்ந்தவை, கேட்டு வாங்குங்கள். 8 மி.மீ. கனத்தில் இரண்டு பலகை போதும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டும் முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும்.

அலகைப் பார்த்திருக்கும் முன்முகத்தை ஒட்டுவதற்கு முன்பே 600 தாள் வரை தேய்த்து முடித்துவிடுங்கள். ஒட்டிய பின் அங்கே உப்புத்தாள் போட்டால் அலகும் சேர்ந்து கீறும். வாலையும் மரத்தின் உள்முகத்தையும் 80 தாளால் சொரசொரப்பாக்கி, அரால்டைட் போன்ற மெதுவாக இறுகும் எபாக்ஸியைச் சமபங்கு கலந்து பூசி, பித்தளைக் கம்பிகளைச் செருகி கிளாம்ப் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், அதற்கு வலு குறைவு. கிளாம்பை முறுக்கி முறுக்கிப் பசை முழுவதையும் வெளியே பிதுக்கிவிடாதீர்கள். இடையில் பசை இல்லாத ஒட்டு சில மாதத்தில் வாய்விடும். முன்முகத்தில் பிதுங்கியதை அசிட்டோன் தொட்ட பஞ்சால் அப்போதே துடைத்து, 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். அலகின் மேல் டேப் சுற்றிவிட்டு, அரத்தாலும் உப்புத்தாளாலும் கைக்கு அடங்கும் உருவம் எடுங்கள். நடுவில் மொத்தக் கனம் 18 மி.மீ. பெரும்பாலான கைகளுக்குப் பொருந்தும்.

மெருகுக்கு ஆளி விதை எண்ணெயை மூன்று நாள் மெல்லிய பூச்சாக ஏற்றலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது தானே சூடேறித் துணி பற்றிக்கொள்ளும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவையுங்கள்.

கரி எஃகு என்பதால் ஈரத்தோடு வைத்தால் ஒரே இரவில் செந்துரு பூக்கும். நறுக்கி முடித்ததும் கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கினால் அலகில் சாம்பலும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக நிறம் ஏறும். அது துரு இல்லை. நாளாக ஆக அலகு முழுதும் பரவி, செந்துரு எளிதில் பிடிக்காமல் காக்கும். அதைத் தேய்த்து எடுக்காதீர்கள்.